உயர்ந்த விரலை இறக்கச் சொல்லாதீர்கள்

ஏழாம் வகுப்பு, மூன்றாம் பீரியட். பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் பாதி போட்டிருந்தேன். ஜன்னலோர வரிசையிலிருந்து ஒரு சுண்டுவிரல் உயர்ந்தது.

“டீச்சர், ஒண்ணுக்கு.”

“இப்பதானே இன்டர்வெல் முடிஞ்சுது? அப்ப என்ன பண்ணிட்டிருந்தே? உட்காரு.”

உட்கார்ந்தாள். நான் கணக்கை முடித்தேன். அடுத்த கணக்கையும் போட்டேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவள் கால்களைப் பின்னிக்கொண்டு, டெஸ்க்கின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். பார்த்தேன், பார்த்தும் பேசாமல் இருந்தேன். ஒருத்தியை அனுப்பினால் பின்னாலேயே நாலு விரல் உயரும் என்பதுதான் அன்று எனக்கிருந்த பெரிய கவலை.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாலு நாளும் வரவில்லை. பிறகு அவளுடைய அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். “குளிர்காய்ச்சல் டீச்சர், தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. பெரியாஸ்பத்திரியில படுக்க வச்சு ஊசி போட்டாங்க. ஒண்ணுக்குல கிருமியாம், கிட்னி வரைக்கும் ஏறிப்போச்சாம்.” சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். அரக்கு மூடி போட்ட ஒரு லிட்டர் பாட்டில். “காலையில நான் ரொப்பிக் குடுக்கிறது சாயங்காலம் அப்படியே திரும்பி வருது. கேட்டா, தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், அங்க போக முடியாதும்மாங்கிறா.”

அவர் என்னைக் குறை சொல்ல வரவில்லை. லீவு லெட்டர் கொடுக்க வந்தார். அவர் போன பிறகு ஸ்டாஃப் ரூமிலிருந்து எழுந்து போய், 11 வருஷமாக நான் வேலை பார்த்துவந்த பள்ளியின் மாணவியர் கழிப்பறையை முதல் முறையாகக் கதவு கதவாகத் திறந்து பார்த்தேன். நாலு அறைகள். ஒன்று ஆசிரியைகளுக்கென்று பூட்டியிருந்தது. இன்னொன்றில் தாழ்ப்பாள் இல்லை. கதவை ஒருத்தி வெளியே நின்று பிடித்துக்கொண்டால்தான் இன்னொருத்தி உட்கார முடியும். மீதி இரண்டு. இடைவேளை 10 நிமிடம், பிள்ளைகள் முந்நூற்றுச் சொச்சம் பேர். ஒருத்திக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், மணி அடிப்பதற்குள் பத்துப் பேர் போய் வரலாம். கரும்பலகையில் பின்னம் நடத்திய எனக்கு இந்தக் கணக்கு அதுவரை தோன்றவில்லை.

என் ஒருநாள் மறுப்பாலேயே அந்தக் காய்ச்சல் வந்தது என்று நான் சொல்லவில்லை. பல மாதமாகக் குடிக்காமலும் போகாமலும் இருந்த பழக்கத்தின் விளைவு அது. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு அவளைப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் ஓய்வு பெற்ற பிறகும் பார்க்கும் இடத்திலெல்லாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன். இதோ வெயில் ஏறிவிட்டது. இன்னும் சில வாரத்தில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். இப்போது சொல்லாவிட்டால் பயனில்லை.

சிறுநீரை அடக்காதீர்கள். அதைவிட முக்கியம், பிறரை அடக்க வைக்காதீர்கள்.

நோய் வரும் வழியைத் தெரிந்துகொண்டால் இது எவ்வளவு அவசரம் என்று புரியும். நம் எல்லோருடைய பெருங்குடலிலும் ஈ.கோலி என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் கைக்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டு எழுதினார். அவர் பெயரில்தான் இன்றும் அது வழங்குகிறது. குடலில் இருக்கும்வரை அதன் பெரும்பாலான வகைகளால் நமக்குத் தீங்கில்லை. இடம் மாறிச் சிறுநீர்ப் பாதையில் ஏறும்போதுதான் வினை. சிறுநீர்த் தொற்றுகளில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் இந்தக் கிருமியால் வருபவை. ஆணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு அது 4 சென்டிமீட்டர்தான். அதன் வாசலும் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிருமிக்கு அது எட்டிப்பிடிக்கிற தூரம். அதனால்தான் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருகிறது. இதில் வெட்கப்படவோ, “சுத்தபத்தமா இருந்தா ஏன் வருது?” என்று ஒருத்தியைக் குத்திப் பேசவோ ஒன்றுமில்லை. குளித்து முழுகிச் சுத்தமாக இருப்பவளுக்கும் வரும்.

இதற்கு எதிராக உடம்பு வைத்திருக்கும் முதல் ஆயுதம் சிறுநீர்தான். ஒவ்வொரு முறை போகும்போதும் ஏறிவந்த கிருமிகளில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. வாய்ப்பான சூழலில் இந்தக் கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகப் பெருகும். காலை ஒன்பதுக்கு ஒரே ஒரு கிருமி இருந்தால், அந்த வேகத்தில் மதியம் மூன்று மணிக்குள் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். உடம்புக்குள் அத்தனை வேகம் இருக்காது, கணக்குக்குச் சொல்கிறேன். ஆனாலும் ஆறு மணி நேரம் தண்ணீரும் குடிக்காமல் வெளியேயும் போகாமல் இருப்பவள் அந்தக் கிருமிக்கு எவ்வளவு அவகாசம் கொடுக்கிறாள் என்று யோசியுங்கள்.

தண்ணீரின் அருமையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பல்கேரியாவில் 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. எல்லோரும் அடிக்கடி இந்தத் தொற்றுக்கு ஆளானவர்கள். ஒருநாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிப்பவர்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று வந்தது; தண்ணீர் குடித்தவர்களுக்கு 1.7 முறை. வேறு மருந்து எதுவுமில்லை, வெறும் தண்ணீர். பல்கேரியாவிலேயே அப்படியென்றால், சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும் நம் ஊரில் எத்தனை செம்பு வேண்டும்?

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். அடக்கக்கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் ஒரு வரிசை சொல்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம், கண்ணீர் என்று போகும் அந்த வரிசையில் சிறுநீரும் இருக்கிறது, தாகமும் இருக்கிறது. நம் பெண்பிள்ளைகள் ஒரே நாளில் அந்த இரண்டையும் சேர்த்து அடக்குகிறார்கள். ஒன்றை அடக்குவதற்காக மற்றதை அடக்குகிறார்கள்.

நிரம்பியபடியே வீடு திரும்பும் அந்த பாட்டில் பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை. ஜவுளிக்கடையில் மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில் காலை பத்து மணியிலிருந்து நிற்கிற பெண்ணின் பையில் இருக்கிறது. நாற்சந்தியில் வெயிலில் நிற்கும் பெண் காவலரிடம் இருக்கிறது. நாற்று நடப் போகிறவளின் தூக்குவாளிப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகிற அம்மா, ஏறுவதற்கு நாலு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறாள். “வழியில எங்க நிறுத்துவான்னு தெரியாது” என்கிறாள். ஓட்டுநர் தம்பிகளே, நடத்துநர் தம்பிகளே, ஒரு பெண் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டால், அவள் அதற்கு முன்பே ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்திருப்பாள். கேட்க வாய் வராமல் பொறுத்திருப்பாள். வெளிச்சமும் கதவும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இருட்டில் முட்புதர் ஓரம் நிறுத்தினால் ஆண்கள் மட்டும்தான் இறங்குவார்கள்.

கடை முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு பெரிய கடைத்தெரு உண்டு. அங்கே வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பக்கத்து ஓட்டலுக்குப் போய்க் கெஞ்ச வேண்டும். இல்லையென்றால் வீடு போகும்வரை அடக்க வேண்டும். அந்தத் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் மற்றவர்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்களுடைய முதல் கோரிக்கையே கழிப்பறைதான். அதிலிருந்து வளர்ந்ததுதான் வேலைநேரத்தில் உட்காரும் உரிமைக்கான போராட்டம். 2018-இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021-இல் நம் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை போட்டே ஆகவேண்டும் என்றது. ஸ்டூல் வந்துவிட்டது, நல்லது. இப்போது அந்தப் பெண் கழிப்பறைக்குப் போக யாரிடம் சொல்ல வேண்டும்? எத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும்? எந்த மாடிக்கு ஏற வேண்டும்? போய்வந்த நிமிடங்களை நோட்டில் எழுதுகிறார்களா?

என் சித்தி மகள் வேலை பார்த்த ஒரு கடையில் எழுதினார்கள். சூப்பர்வைசரிடம் கட்டை ஒன்று இருக்கும். அதை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு மாடிக்கு ஒரே கட்டை. முன்னால் போனவள் திரும்பும்வரை அடுத்தவள் காத்திருக்க வேண்டும். தீபாவளி சீசனில் கட்டையைக் கேட்டாலே முறைப்பார்களாம். அவள் காலை இட்லியோடு ஒரு டம்ளர் தண்ணீர், ராத்திரி ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பியதும் ஒரு சொம்பு என்று மூன்று வருஷம் ஓட்டினாள். வருஷத்துக்கு நாலைந்து தடவை கடுப்பு, காய்ச்சல், மாத்திரை. அந்தக் கட்டையைத் தூக்கி எறியுங்கள், ஐயா. வளர்ந்த பெண் கழிப்பறைக்குப் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம் “ஒரு நிமிஷம், அடுத்த பொண்ணு காட்டும்” என்று சொல்லுவதால் எந்தப் புடவையும் விற்காமல் போகாது. தொழிலாளிக்குக் கழிப்பறை வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. நீதிமன்ற வளாகங்களில் கழிப்பறை வேண்டும் என்று வந்த வழக்கில், அது கண்ணியமாக வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் சரி, மனசாட்சிக்குப் பயந்து செய்தாலும் சரி, செய்யுங்கள்.

வீட்டுக்குள்ளும் ஒருத்தி அடக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள். யாரும் வாய் திறந்து பேசாத இடம் என்பதால் நான் பேசுகிறேன். திருமணமான புதிதில் இந்தத் தொற்று வருவது மிகச் சாதாரணம். உடலுறவின்போது கிருமிகள் எளிதாக உள்ளே தள்ளப்படுகின்றன. முடிந்ததும் எழுந்து போய்ச் சிறுநீர் கழித்துவிட்டால் ஏறியவற்றில் பெரும்பகுதி கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது, போகிற வழியில் கூடத்தில் மாமனார் படுத்திருக்கிறார், கதவு கிரீச்சிடும். அவள் எழுந்திருக்க மாட்டாள். விடியும்வரை கிடப்பாள். பத்தாம் நாள் கடுப்பும் காய்ச்சலும் வந்தால், “வந்ததும் வராததுமா சீக்கு” என்ற பேச்சு வேறு.

தம்பி, நீ எழுந்திரு. விளக்கைப் போட்டு அவளோடு வாசல்வரை நடந்து போ. நீயும் கழுவிக்கொள், உறவுக்கு முன்னாலும் கழுவிக்கொள். அவளுக்குக் கடுப்பு என்றால் தொற்றைப் பரப்பியது யார் என்று சந்தேகப் பேச்சு பேசாதே. இது பால்வினை நோய் அன்று, அவளுடைய குடல் கிருமிதான் இடம் மாறியிருக்கிறது. மாமியார்மாரே, அந்தப் பெண் வந்த முதல் நாள் சாமி அறையைக் காட்டும்போதே கழிப்பறை எங்கே, ஸ்விட்ச் எங்கே, ராத்திரி எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நாம் அந்த வயதில் பட்டதை அவளும் பட வேண்டியதில்லை.

அம்மாக்கள் பெண்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது சில உண்டு. மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது கை முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். பின்னாலிருந்து முன்னால் வரவே கூடாது. மூன்று வயதில் பழக்கினால் முப்பது வயதிலும் கை மாறாது. பிறப்புறுப்பை மேலாகக் கழுவினால் போதும். உள்ளே சோப்பு போடுவதும், வாசனைத் திரவம் விட்டு அலசுவதும் காவலுக்கு இருக்கிற நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். அந்த வாசனைப் பாட்டில்களுக்கு விளம்பரம் பெரிது. தேவை துளியும் இல்லை. பருத்தி உள்ளாடை, ஈரமானால் மாற்றுவது, நாப்கினை மணிக்கணக்காக வைத்திராமல் மாற்றுவது, இவை தெரிந்தவைதான். பலருக்குத் தெரியாத ஒன்று மலச்சிக்கல். குடல் நிறைந்து இறுகிக் கிடந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். பிள்ளையால் முழுசாக ஒண்ணுக்குப் போக முடியாது. மிச்சம் தங்கும், தங்கிய இடத்தில் கிருமி வளரும். அடிக்கடி தொற்று வருகிற குழந்தைக்குக் கீரையும் பழமும் கொடுங்கள். காலையில் அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்கார விடுங்கள்.

அழுக்கான வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரப் பயந்து பாதி குனிந்தபடி நின்றே போகிறவர்கள் நிறையப் பேர். அந்த நிலையில் இடுப்புத் தசை தளராது, பை முழுக்கக் காலியாகாது. உட்காரும் இடத்தில் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு உட்காருங்கள். போனபின் பத்து எண்ணிவிட்டு இன்னொரு முறை முயன்று பாருங்கள். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் வரும். மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், போய்விட்டு வாருங்கள். சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் குடித்தது போதும். டீ நிறத்துக்கு வந்துவிட்டால் அன்று நீங்கள் உங்கள் உடம்புக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கவில்லை. (சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கு மஞ்சள் கூடுதலாகத் தெரியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.) மோர், இளநீர், பார்லித் தண்ணீர், சீரகத் தண்ணீர், நுங்கு எல்லாம் நல்லவைதான். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

கர்ப்பிணிகளிடம் அலட்சியமே கூடாது. நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்குக் கடுப்பும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். அந்த மாதங்களில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்திருக்கும், கருப்பையும் அழுத்தும்; கிருமி சிறுநீரகம்வரை ஏறுவது சுலபம். குறைமாதப் பிரசவத்தில்கூட அது முடியலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர் கேட்டால், “எனக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு?” என்று தட்டிக் கழிக்காதீர்கள். ஒன்றும் தெரியாதபோது கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார்கள். மாதவிடாய் நின்ற அம்மாக்களுக்கும் ஹார்மோன் குறைவதால் அந்த இடம் உலர்ந்து தொற்று அடிக்கடி வரும். வயசாச்சு, அப்படித்தான் என்று சகித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கென்றே தடவுகிற மருந்து இருக்கிறது. பெண் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே பாதி காவல்.

படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்குச் சிறுநீர் டியூப்பும் பையும் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பையைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள். கட்டிலின் பக்கவாட்டில், அவருடைய அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. துணி மாற்றுவதற்காகப் புரட்டும்போது பையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்துவிடுகிறோம். பையிலிருந்து அழுக்குச் சிறுநீர் திரும்ப உள்ளே போவது அப்போதுதான். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டியூப்பைப் பையிலிருந்து கழற்றி மாட்டாதீர்கள். அவர் சிரமம் கொடுக்கக்கூடாதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருப்பார். அதைக் கவனித்து, கேட்காமலே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி வந்துவிட்ட பிறகு நடந்துகொள்ளும் முறை. கடுப்பு வந்தால் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆச்சி தடவியிருக்கிறாள்; அவள் கைப்பட்ட குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. வெயிலில் அலைந்து சிறுநீர் அடர்த்தியாகி வரும் வெறும் எரிச்சல், இரண்டு சொம்பு தண்ணீரிலும் ஒரு டம்ளர் மோரிலும் அடங்கிவிடும். அன்று அடங்கியதற்குப் பெயர் வாங்கியது சுண்ணாம்பு. ஆனால் ஒருநாளைத் தாண்டிய கடுப்பு, சொட்டுச் சொட்டாகப் போவது, கலங்கல், ரத்தம், இவை கிருமியின் அடையாளம். டாக்டரிடம் போக வேண்டும். குளிர்காய்ச்சல், விலாவிலோ முதுகின் பக்கவாட்டிலோ வலி, வாந்தி என்று வந்துவிட்டால் அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்காதீர்கள். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சிறுநீரையும் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். ஆண்களுக்கு இந்தத் தொற்று வந்தால் பின்னால் கல்லோ புராஸ்டேட் வீக்கமோ இருக்கலாம். மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது.

கெஞ்சிக் கேட்கிறேன், மெடிக்கலில் போய் “கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று வாங்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் அட்டையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கு அடையாளம். ரெண்டு மாத்திரையில் கடுப்பு நின்றுவிடும். கிருமியில் பலவீனமானவை செத்திருக்கும், முரட்டுப் பிள்ளைகள் மிஞ்சியிருக்கும். அடுத்த தடவை வருவது அந்த முரட்டுக் கூட்டம். ஒரு காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மாத்திரை இந்தத் தொற்றுக்குக் கைகண்ட மருந்து. இன்று நம் நாட்டு ஈ.கோலியில் பெரும்பகுதி அதற்குப் பயப்படுவதில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து ரெண்டு ரெண்டு மாத்திரையாகத் தின்று அதைக் கெடுத்தோம். அடுத்த வீட்டு மருமகளுக்கு நாளைக்கு வேலை செய்ய வேண்டிய மருந்தை இன்று நாம் வீணாக்குகிறோம்.

திரும்பத் திரும்ப வருகிறதென்றால், மாத்திரை தொடங்கும் முன்பே சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொடுங்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். பைக்கில் தொங்கவிட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கொடுத்தால் வழியில் வளர்ந்த கிருமிக்கு மருந்து எழுதுவார்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். எழுதிக்கொடுத்த நாட்கள் முழுக்க மாத்திரையைப் போட்டு முடியுங்கள்.

மறுபடி என் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். கேரளத்தில் 2019-இல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. கேள்விப்பட்டபோது கண் கலங்கியது. மணி அடித்தால் பிள்ளைகள் குடிப்பார்கள். குடித்தது இறங்கிவர ஒரு மணி நேரம். அப்போது எந்த வகுப்பு நடக்கும், எந்த டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பார், உயர்ந்த விரலுக்கு என்ன பதில் சொல்வார்? ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் கட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஆணையும் போட்டது. கட்டியும் இருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் வருகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சட்டம் வந்து பார்க்காது.

ஆசிரியத் தோழர்களே, விரல் உயர்ந்தால் தலையை அசையுங்கள், போதும். ஏன், எதற்கு என்று நாற்பது பேர் முன்னால் கேட்காதீர்கள். விளையாட்டாக எழுந்து போகிற பிள்ளையும் இருக்கும். இருக்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தால் அதன் படிப்பு கெடாது. பத்துப் பேர் விளையாட்டுக்குப் போனாலும் பதினோராவது பிள்ளை உண்மையாகவே போக வேண்டியிருந்தவள்.

அந்த அம்மா வந்துபோன வாரம் நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. ஆசிரியைகளின் பூட்டுக்கு இன்னொரு சாவி போட்டு வகுப்புத் தலைவியிடம் கொடுத்தேன். தலைமையாசிரியைக்கு அது பிடிக்கவில்லை, பிறகு பழகிவிட்டார். ஆசாரியைக் கூட்டிவந்து தாழ்ப்பாள் வைத்தேன். குழாயடியில் ஒரு வாளி, ஒரு கோப்பை, கை கழுவ சோப்பு. இடைவேளையை இரண்டாகப் பிரித்து, ஆறும் ஏழும் முதலில், எட்டு பின்னால் என்று மாற்றிக் கேட்டு வாங்கினேன். மூன்று வாரம் கழித்துச் சாயங்கால மணி அடிக்கும் நேரம், அந்தப் பெண் பையை மாட்டும்போது பாட்டிலைக் கவனித்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. அதையும் வாசலில் நின்று அண்ணாந்து குடித்துவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டே ஓடினாள்.

ஜூன் மாதம் பிள்ளைகள் வருவதற்கு முன் உங்கள் பள்ளியின் அந்தக் கதவுகளை ஒருமுறை உள்ளே போய்ச் சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் விழவில்லை என்றால் அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிடுங்கள்.